லயன்ஸும் நான்காவது டவுனும்: டேன் கேம்ப்பெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இன் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் 2023 சீசனின் டெட்ராய்ட் லயன்ஸ் பற்றிய பேச்சு வராமல் போகாது. ஹெட் கோச் டேன் கேம்ப்பெல் எடுத்த முடிவுகளுக்காக அவரைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, இன்னும் மன்னிக்காதவர்களும் உண்டு. புதிதாக அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க வந்தவர்கள், பல வருடமாகப் பார்ப்பவர்கள் என்று இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் கேம்ப்பெல் பக்கம் சாய்கிறவன். ஆனால் அவர் செய்ததையெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். எங்கே ஒத்துப்போகவில்லை என்பதும் கீழே இருக்கிறது.

எந்த ஆட்டத்தை வைத்து இவ்வளவு வாக்குவாதம்?

2024 ஜனவரி 28 அன்று, கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த என்.எஃப்.சி. (லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சாம்பியன்ஷிப். ஜெயிக்கிற அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குப் போகும். லயன்ஸ் தன் வரலாற்றில் ஒருமுறைகூட சூப்பர் பௌல் ஆடியதில்லை. இடைவேளையின்போது லயன்ஸ் 24, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 7. ஆட்டம் முடிந்தபோது 34-31 என்று ஃபார்ட்டிநைனர்ஸ் ஜெயித்திருந்தது. நடுவில் 27 புள்ளிகளை அடுத்தடுத்து விட்டுக்கொடுத்தது லயன்ஸ்.

அந்த இரண்டாம் பாதியில், எளிதாக மூன்று புள்ளிக்கு உதைத்திருக்கலாம் என்று பலர் சொல்லும் இரண்டு இடங்களில் கேம்ப்பெல் கிக்கரை அனுப்பவில்லை. நான்காவது டவுனில் ஆடிப் பார்த்தார். இரண்டுமே கைகூடவில்லை. தோற்ற வித்தியாசமோ மூன்றே புள்ளி. வாக்குவாதம் வராமல் இருக்குமா?

நான்காவது டவுன் என்றால் என்ன?

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். 10 யார்டு கடந்தால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும், கடக்காவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் மூன்று வாய்ப்பில் முடியவில்லை என்றால் பெரும்பாலான கோச்சுகள் நான்காவதில் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள், அதுதான் பண்ட். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபீல்ட் கோல் முயல்வார்கள், உள்ளே போனால் மூன்று புள்ளி. பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது மைதானத்தின் கடைசிப் பகுதிக்குள், கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி, அதன் பிறகு கூடுதலாக ஒன்றோ இரண்டோ எடுக்க ஒரு வாய்ப்பு.

ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். பந்து 28-வது யார்டு கோட்டில் இருந்தால் ஃபீல்ட் கோல் 28 யார்டு உதை ஆகாது. கம்பம் எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கிறது, அதற்கு 10 யார்டு சேர்க்க வேண்டும். பந்தைப் பிடித்து நிறுத்துபவர் ஏழெட்டு யார்டு பின்னால் உட்கார்ந்திருப்பார், அதையும் சேர்க்க வேண்டும். ஆக, 45 அல்லது 46 யார்டு உதை.

அந்த இரண்டு முடிவுகளும் தவறா?

முதலாவது, மூன்றாவது குவார்ட்டரில். இடைவேளை முடிந்ததும் ஃபார்ட்டிநைனர்ஸ் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து 24-10 ஆகியிருந்தது. லயன்ஸ் பந்தை எதிரணியின் 28-வது யார்டு வரை கொண்டுவந்துவிட்டது. நான்காவது டவுன், இன்னும் 2 யார்டு வேண்டும். குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அட்டாக்கை நடத்துபவர்) ஜேரட் கோஃப் வீசிய பந்து ஜோஷ் ரெனால்ட்ஸின் கைக்கு நேராகப் போனது. அவர் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. திட்டம் பலித்தது, ஆள் தனியாகக் கிடைத்தார், பந்தும் சரியாக வந்தது, கை மட்டும் ஒத்துழைக்கவில்லை. இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். நான்காவது டவுனில் 2 யார்டு என்பது லீக் முழுக்கப் பார்த்தாலும் பாதிக்குச் சற்று மேலேயே கைகூடுகிற விஷயம். லயன்ஸின் அட்டாக்கோ அந்த நாளில் ஃபார்ட்டிநைனர்ஸ் டிஃபென்ஸைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது, முதல் டிரைவிலேயே (பந்து கைக்கு வந்ததிலிருந்து கைமாறும் வரை ஒரு டிரைவ்) ஜேம்சன் வில்லியம்ஸ் 42 யார்டு ஓடி டச்டவுன் போட்டவர். 14 புள்ளி முன்னிலையை 17 ஆக்குவதால் பெரிய நிம்மதி எதுவும் வந்துவிடாது. 21 ஆக்கினால் ஆட்டமே ஏறக்குறைய முடிந்திருக்கும்.

இரண்டாவது, நான்காவது குவார்ட்டரில் ஏழரை நிமிடம் மீதி இருந்தபோது. இப்போது ஃபார்ட்டிநைனர்ஸ் 27-24 என்று முன்னிலை. பந்து 30-வது யார்டில், நான்காவது டவுன், 3 யார்டு தேவை. உதைத்து உள்ளே போனால் ஸ்கோர் சமன். கோஃப் நெருக்கடியில் வீசினார், பந்து யார் கைக்கும் போகவில்லை. இங்கே மறுப்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2 யார்டைவிட 3 யார்டு கடினம், ஆட்டம் கைநழுவிக்கொண்டிருக்கிறது, மூச்சுவிட ஒரு சமன் தேவைப்படுகிறது. நானாக இருந்தால் இந்த இடத்தில் கிக்கரை அனுப்பியிருப்பேன். ஆனால் 48 யார்டு உதை இனாமாகக் கிடைக்கும் மூன்று புள்ளி கிடையாது. கிக்கர் மைக்கேல் பேட்ஜ்லி சீசனின் கடைசிப் பகுதியில்தான் அணிக்குள் வந்தவர். உதை போயிருந்தாலும் ஸ்கோர் சமன் ஆகியிருக்கும், அவ்வளவுதான். பந்து அப்புறமும் ஃபார்ட்டிநைனர்ஸ் கைக்குத்தான் போகும். அவர்களோ அந்தப் பாதி முழுக்கத் தடையில்லாமல் ஸ்கோர் செய்துகொண்டிருந்தார்கள்.

எந்தப் பக்கம் நின்றாலும், இந்த இரண்டு முடிவுகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஃபார்ட்டிநைனர்ஸின் குவார்ட்டர்பேக் ப்ராக் பர்டி நெடுந்தூரம் வீசிய பந்து லயன்ஸின் கிண்டில் வில்டோர் கைக்கே போயிருக்க வேண்டியது. அது அவருடைய ஹெல்மெட்டின் முகக்கம்பியில் பட்டு மேலே எகிறியது. கீழே விழுந்துகொண்டிருந்த பிராண்டன் ஐயுக் அதை அப்படியே எட்டிப் பிடித்தார். 51 யார்டு! அடுத்து அவரே டச்டவுன் போட்டார். லயன்ஸ் பந்தை வாங்கிய முதல் ப்ளேயிலேயே (ஒருமுறை பந்தை ஆடுவதுதான் ப்ளே) கோஃபிடமிருந்து வாங்கும்போது ஜாமிர் கிப்ஸ் பந்தைத் தவறவிட்டார், ஃபார்ட்டிநைனர்ஸ் எடுத்துக்கொண்டது, இன்னொரு டச்டவுன். இதில் எந்த இடத்தில் கோச் தவறு செய்தார்?

அப்படியானால் அந்த ஆட்டத்தில் கேம்ப்பெல் தவறே செய்யவில்லையா?

செய்தார். ஆனால் பலர் பேசாத இடத்தில்.

கடைசி நிமிடத்துக்கு வாருங்கள். ஃபார்ட்டிநைனர்ஸ் 34-24 என்று முன்னிலை. லயன்ஸ் எதிரணியின் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் நிற்கிறது, மூன்றாவது டவுன். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மீதி. கையில் மூன்று டைம் அவுட். பத்துப் புள்ளி பின்னால் இருக்கும் அணிக்கு டைம் அவுட்தான் உயிர். டச்டவுன் போட்டுவிட்டு, பந்தை ஆழமாக உதைத்துக் கொடுத்து, மூன்று டைம் அவுட்டையும் வைத்துக் கடிகாரத்தை நிறுத்தினால் பந்து திரும்பக் கிடைக்க வழி உண்டு. அதனால் அந்த இடத்தில் பந்தை வீச வேண்டும். பிடிக்காவிட்டால் கடிகாரம் தானாக நின்றுவிடும்.

லயன்ஸ் பந்தை டேவிட் மாண்ட்கோமரியிடம் கொடுத்து ஓடச் சொன்னது. அவரை இரண்டு யார்டு பின்னாலேயே மடக்கிவிட்டார்கள். கடிகாரம் ஓடுகிறது. வேறு வழியில்லாமல் ஒரு டைம் அவுட் போனது. அடுத்த டவுனில் ஜேம்சன் வில்லியம்ஸ் டச்டவுன் போட்டார், 34-31, மீதி 56 விநாடி. ஆனால் மிச்சம் இரண்டே டைம் அவுட். இனி ஆழமாக உதைத்தால் பந்து திரும்ப வராது. அதனால் ஆன்சைட் கிக், அதாவது பந்தைக் கொஞ்ச தூரம் மட்டும் உதைத்துவிட்டு விழுந்தடித்துப் பிடிக்கும் முயற்சி. அது பலிப்பது அபூர்வம். ஃபார்ட்டிநைனர்ஸின் ஜார்ஜ் கிட்டில் பந்தை அணைத்துக்கொண்டார், எல்லாம் முடிந்தது.

கோச்சிங் பற்றிப் பேச வேண்டுமென்றால் இதைத்தான் பேச வேண்டும். நான்காவது டவுன் முடிவுகளில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. இதில் இல்லை.

அவர் சீசன் முழுக்கவே இப்படித்தானா?

ஆமாம், முதல் ஆட்டத்திலிருந்தே. 2023 செப்டம்பர் 7, சீசனின் தொடக்க ஆட்டம், நடப்புச் சாம்பியன் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் சொந்த மைதானம். முதல் குவார்ட்டரில் தன் 17-வது யார்டில் நின்றுகொண்டு, பண்ட் செய்யப் போவதுபோல் வரிசைகட்டிவிட்டு, பந்தை நேராக ஜேலன் ரீவ்ஸ்-மேபினிடம் கொடுத்து ஓடவைத்தார். அது தோற்றிருந்தால் சீஃப்ஸுக்குத் தட்டில் வைத்த டச்டவுன். பலித்தது. அந்த டிரைவே லயன்ஸின் டச்டவுனில் முடிந்தது, ஆட்டம் 21-20. ஒரு புள்ளி!

நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுடன் 38-38 சமனாக இருந்தபோது, கடைசி நிமிடங்களில் 26-வது யார்டில் நான்காவது டவுன், 2 யார்டு. உதைத்து முன்னிலை எடுத்துக்கொண்டு டிஃபென்ஸை நம்பலாம். அவர் ஆடினார். சாம் லபோர்ட்டா பிடித்தார். கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, சார்ஜர்ஸுக்குப் பந்தே கொடுக்காமல் கடைசி உதையில் 41-38. அந்த நாளில் அவரைப் பைத்தியக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

பலிக்காததும் உண்டு. அதே மாதம் நன்றி நவிலும் நாள் ஆட்டத்தில், தன் 23-வது யார்டிலிருந்து க்ரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராகப் போட்ட பொய்ப் பண்ட் மண்ணைக் கவ்வியது. பேக்கர்ஸ் அதை டச்டவுன் ஆக்கியது. 29-22 தோல்வி.

டல்லஸ் ஆட்டத்தில் நடுவர்கள் ஏமாற்றினார்களா?

ஏமாற்றவில்லை. குழப்பிவிட்டார்கள். அந்தக் குழப்பம் லயன்ஸைக் கடுமையாகப் பாதித்தது.

2023 டிசம்பர் 30, டல்லஸ் கௌபாய்ஸ் மைதானம். 23 விநாடி இருக்கும்போது லயன்ஸ் டச்டவுன் போட்டும் டல்லஸ் 20-19 என்று முன்னிலை. ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன், கேம்ப்பெல் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்து டேய்லர் டெக்கர் கையில். அவர் லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று தடுப்பவர், எண் 68. அந்த எண் வரிசையில் இருப்பவர்கள் பந்து பிடிக்கக் கூடாது. பிடிக்கப் போவதென்றால் அந்த ப்ளேவுக்கு முன் தலைமை நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், நடுவர் அதை எதிரணிக்கு அறிவிக்க வேண்டும். டெக்கர், பெனே சூவல், டேன் ஸ்கிப்பர் மூன்று பேரும் நடுவர் பக்கம் நகர்ந்தார்கள். டல்லஸைக் குழப்புவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நடுவர் பிராட் ஆலன் ஸ்கிப்பரின் எண் 70-ஐ அறிவித்தார். டெக்கர் பிடித்ததும் தவறு என்று நடுவரின் கொடி விழுந்தது. தான் சொன்னதாக டெக்கர் சொன்னார். இப்படியொரு ப்ளே வரும் என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவர்களிடம் விளக்கியதாகக் கேம்ப்பெல் சொன்னார்.

இதுவரை என் மனம் லயன்ஸ் பக்கம்தான். ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பெனால்டியால் பந்து 7-வது யார்டுக்குத் தள்ளப்பட்டது. அங்கிருந்து இரண்டு புள்ளி எடுப்பது மிகக் கடினம். அப்போதும் உதைத்துச் சமன் செய்யலாம். கேம்ப்பெல் மறுபடி ஆடினார். அந்த வீச்சை டல்லஸ் பிடித்துவிட்டது, ஆனால் டல்லஸ் ஆஃப்சைட் (முன்கூட்டியே கோட்டைத் தாண்டிய தவறு), இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனது. 2 யார்டிலிருந்து ஆடியதற்குப் பின்னால் கணக்கு இருந்தது. 7 யார்டிலிருந்து ஆடியது கோபத்தில் எடுத்த முடிவு. அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால் என்.எஃப்.சி. முதலிடத்துக்கான போட்டி கடைசி வாரம் வரை உயிரோடு இருந்திருக்கும். முதலிடம் பிடித்தால் ப்ளேஆஃபின் முதல் சுற்றில் ஓய்வு, அதன் பிறகு சொந்த மைதானம். சாண்டா கிளாராவுக்குப் போக வேண்டியே இருந்திருக்காது.

எந்த ப்ளே ஆடுவது என்று முடிவு செய்வது கேம்ப்பெல்லா, வேறு யாராவதா?

2023-இல் அட்டாக்கின் ப்ளேக்களைச் சொன்னவர் ஒஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர் பென் ஜான்சன். டிஃபென்ஸ் ஏரன் க்ளென் பொறுப்பு. உதைப்பதா, ஆடுவதா, டைம் அவுட் எடுப்பதா, நடுவர் முடிவை எதிர்த்துச் சவால் கொடி வீசுவதா என்பதெல்லாம் ஹெட் கோச்சின் முடிவு. ஜான்சன் சொல்வது கோஃபின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். ப்ளே கடிகாரத்தில் 15 விநாடி மீதி இருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் தன் கண்ணை மட்டும் நம்ப வேண்டியதுதான். எந்த ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் இருக்கிறது என்பதை அதன் பின்னால் இருக்கும் பச்சைப் புள்ளியை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

கோஃபை ஏன் டெட்ராய்ட் ரசிகர்கள் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்?

அவர் வேண்டாமென்று அனுப்பப்பட்டவர். 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், லயன்ஸின் மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கிக்கொண்டு, கோஃபையும் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தது. ஸ்டாஃபோர்டு அடுத்த ஆண்டே ராம்ஸுடன் சூப்பர் பௌல் ஜெயித்தார். கோஃபின் லயன்ஸ் அந்தச் சீசனில் ஜெயித்தது மூன்றே ஆட்டம். 2024 ஜனவரி 14 அன்று ஸ்டாஃபோர்டு ராம்ஸ் சட்டையுடன் லயன்ஸின் மைதானமான ஃபோர்டு ஃபீல்டுக்கு ப்ளேஆஃப் ஆட வந்தார். லயன்ஸ் 24-23 என்று ஜெயித்தது. 1992 ஜனவரிக்குப் பிறகு அந்த அணி ஜெயித்த முதல் ப்ளேஆஃப் ஆட்டம் அது. அரங்கமே கோஃபின் பெயரைச் சொல்லி முழங்கியது.

சாண்டா கிளாராவுக்குப் பிறகும் கேம்ப்பெல்லை ஏன் யாரும் விரட்டவில்லை?

லயன்ஸ் கடைசியாக லீக் பட்டம் வாங்கியது 1957-இல். 2008-இல் ஆடிய 16 ஆட்டங்களையும் தோற்றது. கேம்ப்பெல் அந்த அணியிலேயே வீரராக இருந்தவர், காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து பார்த்தவர். 2021-இல் கோச்சாக வந்த முதல் பேட்டியில், எதிரி நம்மைக் கீழே தள்ளினால் எழுந்து வரும் வழியில் அவன் முட்டியைக் கடிப்போம் என்ற பொருளில் பேசியதைக் கேட்டு நாடே சிரித்தது. முதல் சீசன் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன். அடுத்த சீசன் 1-6 என்று தொடங்கி 9-8 என்று முடிந்தது. மூன்றாவது சீசன் 12-5, 1993-க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது என்னவென்று தெரியும். சாண்டா கிளாராவில் தோற்ற இரவும், எடுத்த முடிவுகளுக்காக வருத்தப்படவில்லை என்றும் விமர்சனம் வரும் என்று தெரியும் என்றும் கேம்ப்பெல் சொன்னார். வீரர்கள் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

அப்புறம் மாறினாரா?

இல்லை. 2024 டிசம்பர் 5, ஃபோர்டு ஃபீல்ட், பேக்கர்ஸுடன் 31-31. 43 விநாடி மீதி. பந்து 21-வது யார்டில், நான்காவது டவுன், ஒரு யார்டுகூட இல்லை. சுலபமான உதை காத்திருந்தது. கேம்ப்பெல் ஆடினார். கோஃப் பின்னால் திரும்பும்போது கால் இடறிச் சாய்ந்தார். விழுந்துகொண்டே பந்தை மாண்ட்கோமரி கையில் திணித்தார். மாண்ட்கோமரி ஓடிக் கடந்தார். ஜேக் பேட்ஸ் 35 யார்டு உதையை நேரம் முடியும்போது உள்ளே அனுப்பினார், 34-31. கோஃப் ஒரு நொடி முன்னதாக விழுந்திருந்தால் மறுநாள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முடிவு அதேதான்.

அந்தச் சீசன் 15-2. ஆனால் டிஃபென்ஸின் முக்கிய வீரர் எய்டன் ஹட்சின்சன் அக்டோபரிலேயே கால் எலும்பு முறிந்து ஆட முடியாமல் வெளியேறிவிட்டார், டிஃபென்ஸில் இன்னும் பலருக்குக் காயம். 2025 ஜனவரியில் சொந்த மைதானத்திலேயே வாஷிங்டன் கமாண்டர்ஸ் 45-31 என்று அவர்களை வெளியேற்றியது. அதே மாதம் பென் ஜான்சன் சிகாகோ பேர்ஸுக்கும் ஏரன் க்ளென் நியூயார்க் ஜெட்ஸுக்கும் ஹெட் கோச்சாகப் போனார்கள்.

பழைய லயன்ஸ் ஆட்டங்களை மறுபடி பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

மூன்றாவது டவுனை. நான்காவதிலும் ஆடப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த அணிக்கு மூன்றாவது டவுனில் ஆறேழு யார்டு தேவைப்பட்டாலும் பதற்றம் கிடையாது. மற்ற அணிகள் அந்த இடத்தில் கட்டாயம் வீச வேண்டும், டிஃபென்ஸும் அதற்கே தயாராக நிற்கும். லயன்ஸ் அங்கே மாண்ட்கோமரியை ஓடவிட்டு நாலைந்து யார்டு வாங்கிக்கொள்ளும், மீதியை நான்காவதில் பார்த்துக்கொள்ளும். சார்ஜர்ஸ் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். கோஃப் வீசும் பந்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மூன்றாவது டவுனிலும் எதிரணியின் சேஃப்டிகள் (டிஃபென்ஸின் கடைசி வரிசையில் நிற்பவர்கள்) எவ்வளவு தயங்குகிறார்கள் என்று பாருங்கள்.